சகலையின் கழுத்தும் இரண்டு விரல் இடைவெளியும்

சகலையின் கழுத்தை ஆசை தீர நெரித்துவிட்டு, அவர் நீட்டும் பாட்டிலிலேயே தண்ணீர் குடித்து, "சரி, வியாழக்கிழமை பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போக முடியுமா? போலீஸ் வராதா? வராது. அதற்கென்றே ஒரு கூடம் இருக்கிறது. டயர் கடைக்கு மேல் மாடி. படியேறும்வரை ரப்பர் வாசனை, ஏறி முடித்ததும் வியர்வை வாசனை. சுவருக்குச் சுவர் நீல மேட் விரித்திருக்கும். அதன் மேல் கனத்த வெள்ளைக் கோட்டு போட்டு, இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு, படித்தவர்கள், பிள்ளைகுட்டிக்காரர்கள், ஒழுங்காக வரி கட்டுகிறவர்கள் எல்லாம் ஒருவர் கழுத்தை ஒருவர் பிடித்துக்கொண்டு கிடப்பார்கள். இந்த வித்தைக்கு பிரேசிலியன் ஜியு-ஜிட்சு என்று பெயர். குத்து கிடையாது, உதை கிடையாது. கட்டிப் புரண்டு, கையை முறுக்கி, கழுத்தை அடைத்து, எதிராளி "போதும்" என்று தட்டும்வரை விடாமல் இருப்பதுதான் ஆட்டம். தட்டினால் அந்த நொடியே விட்டுவிட வேண்டும். அது விதி.

இப்படி ஒரு வசதி இருப்பது எல்லா சகலைகளுக்கும் தெரிந்தால் அந்த மாடி தாங்காது.

நம் தையல்காரருக்குத் தெரிந்திருந்தது. அவர் மனைவியின் தங்கையைக் கட்டிய சகலையும் அங்கேதான் வந்தார். எல்லாம் பொருத்தமாகத்தான் அமைந்தது. ஒரு சின்னக் குறை மட்டும். நெரிபட்டது எப்போதும் தையல்காரரின் கழுத்தாகவே இருந்தது.

அவருக்கு பஸ் நிலையத்துக்குப் பின்பக்கம் கடை. கடை என்றால், இரண்டு கையையும் விரித்தால் இரண்டு சுவரிலும் இடிக்கும். பேன்ட் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, கல்யாணமான புதிதில் தைத்த சட்டையை இப்போதைய வயிற்றுக்குத் தோதாகப் பிரித்து விடுவது, இதுதான் பிழைப்பு. எப்போதாவது ஒருவர் முழுச் சட்டைக்குத் துணி கொண்டுவந்தால் முகம் மலர்ந்துவிடும். அளவு நாடாவை எடுத்து வந்தவரின் கழுத்தைச் சுற்றிப் போடுவார். நாடாவுக்கும் கழுத்துக்கும் நடுவில் தன் இரண்டு விரலை நுழைத்துக்கொண்டு, பிறகுதான் அளவைப் படிப்பார்.

"மனுஷன் பேசணும், சிரிக்கணும், எச்சில் முழுங்கணும். அதுக்கு ரெண்டு விரல் இடம் வேணும் சார்" என்பார்.

தொழில் பழகிய நாளிலிருந்து இதை அவர் விரல்கள் அவரைக் கேட்காமலே செய்துவந்தன.

அந்தக் கடைக்கு ஒரு நாள் சின்ன உருவமான ஓர் அம்மா பெரிய மூட்டையோடு வந்தார். மூட்டை நிறைய வெள்ளைக் கோட்டுகள். அக்குளில் கிழிசல், காலரெல்லாம் நார் நாராகப் பிரிசல். துணியைத் தொட்டுப் பார்த்த தையல்காரருக்குக் கோபமே வந்துவிட்டது. சாக்கைவிடக் கெட்டியான துணி. அதன் மேல் இரட்டைத் தையல். இது எப்படிக் கிழியும்?

"என்னம்மா, இதை மாட்டுக்குப் போட்டு விடுறீங்களா?"

"மனுஷங்கதான் போடுறாங்க. வேணும்னா வந்து பாருங்க."

பகலில் பல் ஆஸ்பத்திரியில் நோயாளிகளை வாயைத் திறக்கச் சொல்வதும், மாலையில் மாடியில் ஆட்களின் தொண்டையை அடைக்கக் கற்றுக்கொடுப்பதும் அந்த அம்மாவின் வேலை. தைத்ததைக் கொடுக்கப்போன தையல்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார். கல்லூரியில் படிக்கிற ஒரு பெண், பேங்க் வாசலில் துப்பாக்கியோடு நிற்கும் காவலாளியை (துப்பாக்கி அப்போது கையில் இல்லை) பின்னால் தொற்றிக் கழுத்தைப் பிடித்து, மேட்டைத் தட்டவைத்துக்கொண்டிருந்தாள். அடுத்த வாரமே தையல்காரர் தனக்கும் ஒரு கோட்டு வாங்கிவிட்டார்.

முதல் நாளே ஒரு அடி. யாரோ "மாஸ்டர்!" என்று கூப்பிட, பழக்கதோஷத்தில் இவர் திரும்பி, "சொல்லுங்க, எப்ப வேணும்?" என்றார். கடைத்தெருவே அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். இங்கே மாஸ்டர் அந்தச் சின்ன அம்மா. செருப்போடு சேர்த்துப் பட்டத்தையும் வாசலில் கழற்றி விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டியிருந்தது.

ஆனால் போன பட்டத்துக்கு ஈடாக இன்னொன்று கிடைத்தது.

மாஸ்டர் அம்மா புதியவர்களுக்கு முதலில் சொல்லித்தருவது நெரிக்கிற வித்தையை அல்ல, நெரிபடாமல் இருக்கிற வித்தையை.

"கையைக் கழுத்துக்கு வரவிட்டுட்டு அப்புறம் தப்பிக்கப் பாக்காதீங்க. வரவே விடாதீங்க. தாடையை நெஞ்சோட ஒட்டுங்க. தோளைக் காதுகிட்டத் தூக்குங்க. பின்னாடி ஆள் தொத்திட்டா, கழுத்தைச் சுத்தி வர்ற கையை ரெண்டு கையாலயும் பிடிங்க. அவங்களுக்கு ஒரு கை, உங்களுக்கு ரெண்டு. கணக்கு உங்க பக்கம். அப்புறம் நெரிக்காத கை இருக்கே, அந்தப் பக்கமா சரிஞ்சு முதுகைத் தரையில ஒட்டுங்க. இடுப்பை நகர்த்துங்க. உங்க தொடையில கொக்கி மாதிரி மாட்டியிருக்கிற அவங்க காலைக் கழட்டுங்க. திரும்புங்க. இதெல்லாம் முடியலையா, தட்டுங்க. வெக்கப்படாதீங்க."

மற்ற புதியவர்கள், எங்கே என்னைப் பிடி பார்க்கலாம் என்பதுபோலக் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார்கள். தையல்காரருக்கு மட்டும் எதையும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. இத்தனை வருஷமாக மெஷின் ஊசியைப் பார்த்துக் குனிந்து குனிந்து, அவர் தாடை தானாகவே நெஞ்சுக்குப் போயிருந்தது. தோள் இரண்டும் காதுக்குப் பக்கத்து வீட்டில் குடியிருந்தன. "கூன் விழுது, ஜாக்கிரதை" என்று டாக்டர் பயமுறுத்திய அந்த உடம்பை மாஸ்டர் அம்மா சுற்றி வந்து பார்த்தார். பிறகு எல்லோரையும் கூப்பிட்டார்.

"இவரைப் பாருங்க. கழுத்து எங்க இருக்குன்னே தெரியல! இப்படி இருக்கணும்!"

அன்றே 'ஆமை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவரால் யாரையும் நெரிக்க முடியவில்லைதான். ஆனால் அவரை நெரிப்பதற்குள் காவலாளிக்கே மூச்சு வாங்கியது. பள்ளிக்கூடத்தில் எதிலும் பரிசு வாங்காதவர், கல்யாண போட்டோவிலேயே ஓரமாக விழுந்தவர், மாடியில் நாலு பேர் பார்க்க முன்னுதாரணமாக உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வந்ததும், மருந்துக் கடை வேலையிலிருந்து திரும்பியிருந்த மனைவியிடம் இதை மூன்று தரம் சொன்னார்.

மனைவி அதை அப்படியே போனில் தங்கையிடம் சொன்னாள். "எங்க வீட்டுக்காரர் கழுத்தை யாராலயும் பிடிக்க முடியலயாம்டி!"

பெருமையாகச் சொன்னதுதான். அதோடு பெருமை முடிந்தது. அடுத்த வியாழக்கிழமை மாடிப்படியில் சகலையின் சிரிப்புச் சத்தம் கேட்டது.

சகலை டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லித்தருகிறவர். அந்தத் தொழில் அவருக்கு ஒரு கெட்ட பழக்கத்தைக் கொடுத்திருந்தது. எதற்கும் பதறமாட்டார். எதிரே வரும் லாரிக்கு நேராகக் காரை விடுகிறவரிடமும், "பரவாயில்ல, நல்லாத்தான் ஓட்டுறீங்க, இப்ப மெதுவா பிரேக்" என்பார். மாமனார் வீட்டுக்குப் போனால் பிள்ளைகள் அவர் மேல்தான் ஏறும். மாமியார் டீ கொண்டுவந்தால் முதல் டம்ளர் அவரைத் தேடித்தான் போகும். சகலைகள் இருவரும் ஒரே சலூனில்தான் முடி வெட்டிக்கொண்டார்கள். அவருக்கு மட்டும் அந்த வெட்டு தலையில் எடுப்பாக நிற்கும். ஒரே மாமனார், ஒரே மாமியார், மரியாதையை மட்டும் அவருக்கு முழுத் துணியிலும் இவருக்கு வெட்டுத் துண்டிலும் தைத்திருந்தார்கள்.

இதில் கொடுமை, அவர் நல்லவர். குடிப்பதில்லை. பொய் சொல்வதில்லை. தையல்காரரை எங்கே பார்த்தாலும் எழுந்து நின்று "வாங்கண்ணே" என்பார். வெறுப்பதற்கு ஒரு நியாயமான காரணம்கூடத் தராத மனிதரை எப்படித்தான் மன்னிப்பது?

"அண்ணே! நீங்க இருக்கீங்கங்கிற தைரியத்துலதான் வந்தேன்" என்றார் சகலை, புதுக் கோட்டில். அவர் உடம்புக்கு அது அளவெடுத்துத் தைத்ததுபோல இருந்தது. கடைக்கோட்டுதான். தையல்காரர் உற்றுப் பார்த்தார். எங்கும் பிடிக்கவும் இல்லை, தொங்கவும் இல்லை.

"ரொம்ப சந்தோஷம் தம்பி" என்றார்.

வந்த சில வாரங்களிலேயே சகலை காவலாளியைத் தட்டவைத்தார். பிறகு கல்லூரிப் பெண்ணை. "இவருக்குக் கை சொன்னபடி கேக்குது" என்றார் மாஸ்டர் அம்மா. 'ஆமை'யை முன்னுதாரணமாகக் கூப்பிடுவது குறைந்தது. ஒரு நாள் இருவரையும் ஜோடி சேர்த்துவிட்டார்கள்.

சகலை பின்னால் உட்கார்ந்து, நெரித்துக்கொண்டே பாடம் நடத்தினார்.

"அண்ணே, தாடை... தாடையை இன்னும் கீழ... ஆங், அருமை. இப்ப என் கை சைடுல வருது பாருங்க. வந்துடுச்சு. பரவாயில்ல, அடுத்த தடவ பிடிச்சிடுவீங்க. இப்ப தட்டிடுங்க அண்ணே."

முதுகில் ஈ உட்கார்ந்தால்கூடத் தட்டிவிடுகிற ஆள்தான் தையல்காரர். கல்லூரிப் பெண்ணுக்குத் தட்டியிருக்கிறார், காவலாளிக்குத் தட்டியிருக்கிறார், கால் தவறி மேலே விழுந்தவருக்கும் தட்டியிருக்கிறார். சகலைக்கு மட்டும் கை எழவில்லை. மாமியார் வீட்டு டீ டம்ளர் ஞாபகம் வந்தது. ட்யூப் லைட் ஒன்று இரண்டானது. கீழே டயர் கடையில் யாரோ சுத்தியலால் அடிக்கிற சத்தம் எங்கோ பக்கத்து ஊருக்குப் போனது.

மயக்கம் தெளிந்து கண் விழித்தபோது அவர் கால்கள் இரண்டும் ஆகாயத்தைப் பார்த்திருந்தன. அவற்றைத் தூக்கிப் பிடித்திருந்தது சகலை.

"அண்ணே! நான் யாருன்னு தெரியுதா?"

"தெரியுது" என்றார் தையல்காரர். அதுதானே பிரச்சினை.

அடுத்த தடவையும் இதேபோல ஆனது. அன்று மாஸ்டர் அம்மா அவரைத் தனியாகக் கூப்பிட்டார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"உங்க கைக்கு என்ன ஆச்சு? மத்தவங்களுக்கெல்லாம் தட்டுது, அவருக்கு மட்டும் தட்ட மாட்டேங்குதே?"

"மறந்துட்டேன் மாஸ்டர்."

"இனி ஒரு தடவ தட்டாம மயங்கினீங்கன்னா, கோட்டு தைச்சுக் குடுக்க மட்டும்தான் நீங்க இந்தப் படி ஏறணும். மேட்ல கால் வைக்கக் கூடாது. விளையாட்டுக்குச் சொல்லல."

அதோடு விட்டாரா? மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை வீட்டு ஆட்களை அழைத்துவரச் சொன்னார். புதியவர்கள் ஜோடி ஜோடியாக ஐந்து நிமிஷம் ஆடிக் காட்ட வேண்டும். ஒருவர் பின்னால் தொற்றியிருப்பார், மற்றவர் கழுத்தைக் காப்பாற்ற வேண்டும். தட்டினால் விட்டுவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். கழுத்தைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர்களுக்கு பெல்ட் நுனியில் ஒரு டேப் துண்டு ஒட்டப்படும். ஜோடிகளைப் படித்தார். "ஆமை, அவரோட சகலை. ஒரே குடும்பம், பாக்க நல்லா இருக்கும்."

ஆக, தட்டாமல் மயங்கினால் மாடி போச்சு. தட்டினால் மாமனார், மாமியார், மனைவி, மச்சினி முன்னால் மானம் போச்சு. இரண்டுக்கும் நடுவில் மிச்சமிருந்த ஒரே வழி, கழுத்தைக் கொடுக்காமல் இருப்பது.

"நீங்க வேணா அன்னைக்கு உடம்பு சரியில்லன்னு சொல்லிடுங்களேன்" என்றாள் மனைவி.

"எதுக்கு? எனக்கென்ன பயமா?"

"பயம் இல்ல. அவர் கழுத்தைப் பிடிச்சா உங்களுக்கு வலிக்கிறதில்ல. என் தங்கச்சி புது சோபா வாங்கினதா சொன்னேன் பாருங்க, அப்பதான் வலிச்ச மாதிரி முகத்தைச் சுளிச்சீங்க. அதான் கேட்டேன்."

"நம்ம சோபாவுக்கு என்ன குறைச்சல்?"

"நம்ம வீட்ல சோபாவே இல்லீங்க."

தையல்காரர் யோசித்தார். வித்தையில் சகலையை மிஞ்ச முடியாது. சரி, தனக்கென்று ஒரு வித்தை இருக்கிறதே? மாடியில் கழுத்தை நெரிக்க அவரவர் கோட்டுக் காலரையே பிடித்து இழுப்பதும் உண்டு. பழைய கோட்டுகளின் காலர் துவண்டு போயிருக்கும். கைக்குக் கயிறு மாதிரி வசமாக அகப்படும். கெட்டிக் காலர் கைக்கு அடங்காது. பிடிக்க முடியாத காலரை வைத்து யார் நெரிக்க முடியும்?

மத்தியானம் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, தன் கோட்டுக் காலரைப் பிரித்தார். கெட்டிக் கான்வாஸை வெட்டி, ஒன்றன் மேல் ஒன்றாக மூன்று அடுக்கு வைத்தார். நெருக்கமாகத் தைத்தார். ஈரத்துணி போட்டு இஸ்திரி வைத்து அழுத்தினார். உருக்குலையாமல் இருக்கக் கையால் வளைத்து வளைத்துப் படிய வைத்தார். நல்ல வேலை செய்யும்போது மனிதனுக்கு யார் மேலும் கோபம் இருப்பதில்லை. அந்த ஒரு மணி நேரம் சகலையையே மறந்துவிட்டார். முடித்து பொம்மைக்கு மாட்டியபோது காலர் கழுத்தைத் தொடாமல் கம்பீரமாக நின்றது.

ஷட்டருக்குக் கீழே குனிந்து பார்த்த சாவிக்கடைக்காரர், "என்ன மாஸ்டர், மந்திரிக்கா தைக்கிறீங்க?" என்றார்.

"ஆமைக்கு ஓடு" என்றார் தையல்காரர்.

ஞாயிற்றுக்கிழமை. மேட்டைச் சுற்றி பிளாஸ்டிக் நாற்காலிகள். மாமனார் முன்வரிசையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"இதுல ஜெயிச்சா என்ன குடுப்பாங்க?" என்று பெரிய மகளைக் கேட்டார்.

"டேப் ஒட்டுவாங்கப்பா."

"டேப்பா? அது நம்ம வீட்லயே கெடக்கே."

சகலை பின்னால் வந்து உட்கார்ந்தார். கால்களை முன்னால் விட்டு இவர் தொடைகளில் கொக்கி மாட்டினார். ஒரு கை தோளுக்கு மேலாக, ஒரு கை அக்குளுக்குக் கீழாக. "ரெடியா அண்ணே?" என்று காதோரம் கேட்டார். அந்தக் குரலில் அன்பைத் தவிர வேறெதுவும் இல்லாதது தையல்காரரைக் கொதிக்க வைத்தது.

மணி அடித்தது. தாடை இறங்கியது, தோள் ஏறியது. தோள் வழியாக வந்த கையைத் தையல்காரர் இரண்டு கையாலும் பிடித்து நெஞ்சுக்கு இறக்கினார். மறுபடி வந்தது, மறுபடி இறக்கினார். நாற்காலிகளில் கைதட்டல். தையல்காரருக்கு ரத்தம் சூடேறியது.

"பாவம், மாப்பிள்ளைக்கு மூச்சு வாங்குது" என்றார் மாமியார்.

எந்த மாப்பிள்ளைக்கு? தையல்காரர் ஓரக்கண்ணால் பார்த்தார். மாமியாரின் பார்வை அவருக்குப் பின்னால் இருந்தது.

அந்த ஓரக்கண் பார்வைக்குத் தாடை ஒரு விரல்கடை உயர்ந்திருக்கும். சகலையின் கை காலரைத் தேடி வந்தது. வரட்டும் என்று இருந்தார் தையல்காரர். மூன்று அடுக்கு கான்வாஸ். பிடித்துப் பார்க்கட்டும்.

சகலை பிடிக்கவே இல்லை. சொந்தப் பையில் கைவிடுகிறவர்போலக் காலருக்கும் கழுத்துக்கும் நடுவில் விரல்களை நுழைத்தார்.

இடம் இருந்தது. இரண்டு விரல் இடம். மனுஷன் பேச, சிரிக்க, எச்சில் முழுங்க. அன்று காலரை வளைத்துப் படியவைத்தபோது அவருடைய விரல்கள், யாருடைய கழுத்து, எதற்காக என்றெல்லாம் விசாரிக்காமல், வழக்கம்போல் இரண்டு விரல் இடைவெளி விட்டுக் கச்சிதமாக வேலையை முடித்திருந்தன. துவண்ட காலராக இருந்தால் கழுத்தோடு ஒட்டிக் கிடந்திருக்கும், விரல் நுழையச் சண்டை போட வேண்டியிருக்கும். இதுவோ வாசலைத் திறந்துவைத்து வரவேற்றது. சகலை மறு கையால் அந்தப் பக்கத்துக் காலரை இழுத்ததும் மூன்று அடுக்கு கான்வாஸும் மடங்காமல், கசங்காமல், இரும்பு வளையம்போலக் கழுத்தைச் சுற்றி இறுகியது. பிரமாதமான தையல். எங்கும் பிரியவில்லை.

இரண்டு கையாலும் சகலையின் மணிக்கட்டை இழுத்துப் பார்த்தார். நேரம் கடந்துவிட்டது. ட்யூப் லைட் இரண்டானது.

"அண்ணே, நல்லா மாட்டிடுச்சு. தட்டிடுங்க. தட்டுங்க அண்ணே, ப்ளீஸ்."

தட்டமாட்டேன், என்றது மனசு. மயங்கினாலும் பரவாயில்லை. மயங்கினால் என்ன ஆகும்? மாடி போகும். போகட்டும். அப்போதுதான் தையல்காரர் கண்ணுக்கு ஒரு காட்சி தெரிந்தது. வியாழக்கிழமை. இவர் கடையில் யாருக்கோ ஜிப் மாற்றிக்கொண்டிருக்கிறார். மாடியில் சகலை, சுற்றிலும் எல்லோரும். யாரோ புதியவர், "முன்ன ஆமைன்னு ஒருத்தர் வருவாராமே?" என்று கேட்கிறார். சகலை பெருமூச்சு விட்டு, "எங்க அண்ணன்தான். ரொம்ப நல்ல மனுஷன்" என்கிறார். எல்லோரும் சகலையைப் பரிவோடு பார்க்கிறார்கள். அந்தப் பரிவும் சகலைக்கே போகிறது.

தையல்காரரின் கை தானாக எழுந்து சகலையின் முழங்கையில் படபடவென்று தட்டியது.

பிடி அந்த நொடியே விட்டது. காற்று உள்ளே வந்தது. கூரை இடிந்து விழவில்லை. மாமனார், "முடிஞ்சுதா? கிளம்பலாமா?" என்றார். "இல்லப்பா, இன்னும் நேரம் இருக்கு" என்றாள் மனைவி. அவ்வளவுதான். இத்தனை நாளாகத் தட்டினால் பூமி பிளக்கும் என்று நினைத்திருந்தவருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

மாஸ்டர் அம்மா கழுத்தைப் பார்க்க வந்தார். காலரில் கை பட்டது. நிறுத்தினார். விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டினார். பலகையைத் தட்டியதுபோல 'டொக்' என்றது.

"என்ன மாஸ்டர் இது?"

இந்த மாடியில் அவரை மாஸ்டர் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"கொஞ்சம்... கெட்டியா வச்சேன்."

"யாரை நெரிக்க?"

மாஸ்டர் அம்மா ஆணியில் தொங்கிய பழைய கோட்டு ஒன்றை எடுத்து வீசினார். துவைத்துத் துவைத்துத் துவண்டது, அக்குளில் இவரே ஒட்டுப்போட்டது. "இதைப் போடுங்க. மிச்ச நேரத்தை ஆடுங்க."

பழைய காலர் கழுத்தில் ஈரத்துணிபோல ஒட்டியது. எங்கும் இடைவெளி இல்லை. சகலை மறுபடி பின்னால் தொற்றினார். இந்தத் தடவை தையல்காரரிடம் காப்பாற்ற எதுவும் மிச்சமில்லை, கழுத்தைத் தவிர. போக வேண்டிய மானம் போயாகிவிட்டது. அதனால்தானோ என்னவோ, மூச்சு சீராக வந்தது. மெஷினில் நீளமான தையல் ஓட்டுகிறபோது குனிவதுபோலக் குனிந்தார். அடுத்த ஊசிக்குத்து எங்கே என்பதைத் தவிர வேறு யோசனை இல்லை. கை வந்தது, இரண்டு கையாலும் பிடித்தார். விடவில்லை. நெரிக்காத கையின் பக்கமாகச் சரிந்தார். முதுகு மேட்டில் ஒட்டியது. இடுப்பை நகர்த்தினார். தொடையிலிருந்த கொக்கி நழுவியது. திரும்பினார்.

வெளியே வந்துவிட்டார். சகலையின் முகத்துக்கு நேராகத் தன் முகம். மணி அடித்தது.

நாற்காலிகள் ஆர்ப்பரித்தன. மனைவி எழுந்தே நின்றுவிட்டாள். தையல்காரர் எதையும் கேட்கவில்லை. அவர் கண் ஒன்றைத்தான் தேடியது. இத்தனை நாள் தான் அனுபவித்ததில் ஒரு துளி, ஒரே ஒரு துளி, சகலையின் முகத்தில் இருக்குமா? உதட்டோரம் ஒரு சுளிப்பு? கண்ணில் ஒரு மங்கல்?

"அண்ணே! கலக்கிட்டீங்க அண்ணே!" சகலை அவரை அப்படியே கட்டிப்பிடித்துத் தூக்கினார். நாற்காலிகளைப் பார்த்துக் கத்தினார். "பாத்தீங்களா மாமா? அந்தப் பிடியிலேர்ந்து யாரும் வர முடியாது! என் அண்ணன் வந்துட்டார்!"

மாமனார் கைதட்டினார். சகலையைப் பார்த்துத்தான். "எவ்வளவு பெரிய மனசு பாரு" என்றார் மாமியாரிடம்.

அன்றைய தினத்தின் மிகக் கொடிய பிடி அதுதான். அதற்கு இரண்டு கையாலும் பிடிக்க ஒன்றுமில்லை, சரிவதற்குப் பக்கமில்லை.

மாஸ்டர் அம்மா இருவர் பெல்ட்டிலும் டேப் ஒட்டினார். தையல்காரரிடம் வந்தபோது, "இது தப்பிச்சதுக்கு இல்ல. தட்டினதுக்கு" என்றார் தணிந்த குரலில். இருவருக்கும் ஒரே அளவுத் துண்டுதான். ஆனால் தையல்காரர் கண்ணாலேயே அளந்துவிட்டார். சகலையுடையது ஒரு நூல் நீளம் அதிகம்.

மறுநாள் சகலை கடைக்கு வந்தார். தோளில் ஒரு பை, கையில் இளநீல சட்டைத் துணி.

"அண்ணே, ஒரு சட்டை தைக்கணும். பழைய சட்டையெல்லாம் மேல் பட்டன் மாட்ட மாட்டேங்குது. இந்த மேட் வேலையில கழுத்து தடிச்சுப்போச்சு போல. உங்களுக்கும் அப்படித்தானே?"

தையல்காரருடைய சட்டைகள் எல்லாம் அப்படியே மாட்டின.

"ஆமா, ஆமா. எனக்கும்தான்" என்றார்.

சகலை கண்ணாடி முன்னால் நிமிர்ந்து நின்றார். கழுத்து, சொன்னதுபோலவே, தேக்குக் கட்டைபோல இருந்தது. தையல்காரர் நாடாவை எடுத்து அதைச் சுற்றிப் போட்டார். நாடாவுக்கும் கழுத்துக்கும் நடுவில் அவர் விரல்கள் இரண்டும் வழக்கம்போலத் தாமாகவே போய் நுழைந்துகொண்டன. இந்தத் தடவை தையல்காரர் அவற்றைக் கவனித்தார். பிறகு ஒரு விரலை மட்டும் மெல்ல வெளியே எடுத்தார்.

"அண்ணே, கொஞ்சம் டைட்டா இருக்கோ?"

"புதுசுல அப்படித்தான் தம்பி இருக்கும். பழகிடும்."

"இல்லண்ணே, நிஜமாவே..."

தையல்காரர் நாடாவை இன்னும் அரை நூல் இழுத்து, அளவைப் படிப்பதுபோலக் கண்ணைச் சுருக்கினார். சகலைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே வெட்டுமேசையில் படபடவென்று தட்டினார்.

தட்டினால் விட்டுவிட வேண்டும். விதி அது. தையல்காரர் விட்டார். அந்த நொடியே விட்டார் என்று சொல்வதற்கில்லை.